ஹோஸ்ட் அங்கே, டார்கெட் இங்கே

2013 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலைக்கு வருமான வரித்துறை அதிகாரிகள் வந்தார்கள். அவர்கள் கணக்குக் கேட்டு வந்த பொருள் கப்பலில் வந்ததில்லை, லாரியில் வந்ததில்லை, அதற்கு எடையும் கிடையாது. ஃபின்லாந்திலிருந்த தாய் நிறுவனம் அனுப்பிய மென்பொருள் அது. ஸ்ரீபெரும்புதூரில் அசெம்பிள் ஆன ஒவ்வொரு போனுக்குள்ளும் அதன் ஒரு பிரதி ஏற்றப்பட்டது. அந்த மென்பொருளுக்காக இந்திய நிறுவனம் ஃபின்லாந்துக்குச் செலுத்திய பணம் சரக்கு வாங்கிய விலையா, உரிமைத்தொகையா என்பதுதான் கேள்வி. உரிமைத்தொகை, அதாவது ராயல்டி என்றால், பணத்தை அனுப்பும்போதே வரியைப் பிடித்துக் கட்டியிருக்க வேண்டும். பிடிக்கவில்லை என்று சொல்லி அந்த ஆண்டு வரித்துறை கேட்ட தொகை சுமார் 2,080 கோடி ரூபாய்.

அடுத்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி தொழிற்சாலை நின்றது.

இதை வரி வழக்காக எழுதலாம், தொழிற்சங்க வரலாறாக எழுதலாம், ஸ்மார்ட்போன் போட்டியில் தோற்ற ஒரு கம்பெனியின் கதையாகவும் எழுதலாம். நான் பூந்தமல்லிக்காரன், மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எனக்கு இந்தக் கதையின் நடுவில் ஒரு கம்பைலர் தெரிகிறது. ஒரே நிரலைப் பல இயந்திரங்களுக்குக் கட்டித்தரும் கருவிகளின் வரிசையை எங்கள் தொழிலில் டூல்செயின் என்போம். அந்தச் சங்கிலியின் ஒரு முனை எங்கே இருந்தது, மறுமுனை எங்கே இருந்தது என்று பார்த்தால், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த கம்பெனி பஸ்கள் ஏன் நின்றன என்பதில் ஒரு பகுதியாவது புரியும்.

அளவு ரவிக்கை

கம்பைலர் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். மனிதர் எழுதிய நிரலை இயந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது. இதில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. மாற்றும் வேலை நடக்கும் இயந்திரமும், மாற்றியது ஓடப்போகும் இயந்திரமும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. முதலாவதை ஹோஸ்ட் என்கிறோம், இரண்டாவதை டார்கெட். இரண்டும் வேறு வேறாக இருந்தால் அது கிராஸ் கம்பைலிங்.

இது புதுசு இல்லை. 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்ஸன் யூனிக்ஸின் முதல் வடிவத்தை எழுதியபோது, அவர் குறிவைத்த பிடிபி-7 இயந்திரத்தில் நிரல் எழுத வசதியே இல்லை. பக்கத்திலிருந்த பெரிய ஜிஇ கணினியில் எழுதி, அங்கேயே மாற்றி, காகித நாடாவில் துளையிட்டு, அதைக் கையில் எடுத்துப்போய் பிடிபி-7-இல் ஊட்டினார். பெரிய இயந்திரம் சமைக்கும், சின்ன இயந்திரம் சாப்பிடும். இன்றைக்கு ஆண்ட்ராய்டு ஆப் எழுதுகிற ஒவ்வொருவரும் செய்வது இதைத்தான். லேப்டாப்பில் கட்டி, கேபிளில் போனுக்கு அனுப்புகிறோம்.

அதற்கு என்னென்ன வேண்டும்? கம்பைலர் மட்டும் போதாது. இயந்திரக் கட்டளையாக மாற்ற அசெம்பிளர் வேண்டும், துண்டுதுண்டாக வந்ததைக் கோக்க லிங்கர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், டார்கெட்டில் என்னென்ன நூலகங்கள் இருக்கின்றன, ஒரு செயற்கூற்றை எப்படி அழைக்கவேண்டும், எண்கள் எத்தனை பைட்டில் உட்காரும் என்பதற்கெல்லாம் ஒரு பிரதி ஹோஸ்டில் இருக்கவேண்டும். டெய்லரிடம் அளவு ரவிக்கை கொடுப்பதைப்போல. தைப்பவருக்கு ஆளைப் பார்க்க வேண்டிய தேவையில்லை. ரவிக்கை இருந்தால் ஊர் தாண்டியும் தைக்கலாம், தைத்தது சரியாகப் பொருந்தும். எஸ்டிகே என்று நாம் டவுன்லோடு செய்வதில் பாதி இந்த அளவு ரவிக்கைதான்.

ரவிக்கை கைக்கு வந்துவிட்டால் டார்கெட் எங்கே இருக்கிறது என்பது முக்கியமே இல்லை. கிராஸ் கம்பைலிங்கின் சௌகரியம் இது. டார்கெட் இருக்கும் ஊரில் இருப்பவர்களுக்கு இதே விஷயம் வேறு மாதிரி தெரியும்.

வரைபடம் வந்த ஊர்கள்

'அங்கே வடிவமைப்பு, இங்கே உற்பத்தி' என்ற ஏற்பாடு சென்னையின் மேற்குப் புறநகருக்கு நோக்கியாவால் வந்ததில்லை. 1949-இல் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் முருகப்பா குழுமமும் சேர்ந்து உருவாக்கிய டிஐ சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள் செய்தது. பெயர் அவர்களுடையது, வியர்வை நம்முடையது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அங்கிருந்து 1965-இல் வெளிவந்த விஜயந்தா டாங்கி பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பு. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விஜயந்தாக்கள் இந்தியத் தரைப்படைக்குப் போயின.

இந்த இரண்டிலும் கடல் தாண்டி வந்தது வரைபடம். வரைபடத்தைப் படிக்கலாம். அளவு தப்பாக இருந்தால் பேனாவால் வட்டம் போட்டுக் கேள்வி கேட்கலாம். இந்த உருக்கு இங்கே கிடைக்காது, அந்த உருக்குப் போடலாமா என்று யோசிக்கலாம். பத்து வருடம் அதோடு மல்லுக்கட்டியவருக்கு அடுத்ததைத் தானே வரையலாம் என்ற தைரியம் வரும். ஆவடியிலேயே இருக்கும் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான சிவிஆர்டிஇ, அர்ஜுன் டாங்கியை வடிவமைத்தது. அதன் தாமதங்களையும் எடையையும் பற்றி எத்தனை குறை சொன்னாலும், வரைபலகை ஆவடியில் இருந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகளும் அப்படித்தான் வளர்ந்தன. பெரிய கம்பெனியின் வரைபடம் சின்னப் பட்டறைக்கு வந்தது, சின்னப் பட்டறைக்காரர் அதைப் படிக்கக் கற்றுக்கொண்டார்.

கம்பைல் ஆகி வந்த பைனரி வேறு ஜாதி. அது ஓடும், படிக்க முடியாது. ரிவர்ஸ் இன்ஜினியரிங் என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் மாறிகளின் பெயரும் எழுதியவரின் குறிப்பும் உதிர்ந்துபோன அந்தக் கட்டளைக் குவியலிலிருந்து ஒரு இயங்குதளத்தை மீட்டெடுப்பது, வெந்த சோற்றிலிருந்து நெல்லை மீட்பது மாதிரி.

நடுவில் யாருமில்லை

தமிழக அரசுடன் 2005-இல் ஒப்பந்தம் போட்டு, 2006-இல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியது. சிப்காட் கொடுத்த சுமார் 210 ஏக்கர், சிறப்புப் பொருளாதார மண்டலம். உச்சத்தில் நேரடி ஊழியர்கள் மட்டும் ஏறக்குறைய 8,000 பேர், பெரும்பாலோர் பெண்கள். பிளஸ் டூ முடித்துவிட்டு வந்த முதல் தலைமுறைச் சம்பளக்காரர்கள். உதிரிபாகம் செய்யும் ஃபாக்ஸ்கான், சால்காம்ப் போன்ற கம்பெனிகள் அதே வளாகத்திலும் சுற்றிலும் வந்தன. அவற்றையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் பெரிது.

அதே வருடங்களில் அதே நெடுஞ்சாலையில் இருந்த பொறியியல் கல்லூரிகளில் எங்களைப் போன்றவர்கள் படித்துக்கொண்டிருந்தோம். விடிகாலையில் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்றால் இரண்டு வகை பஸ் வரும். ஒன்று காலேஜ் பஸ், இன்னொன்று கம்பெனி பஸ். இரண்டும் மேற்கே போகும். ஒரு பஸ்ஸில் போனுக்கு ஆப் எழுதக் கற்றுக்கொள்ளப் போகிறவர்கள், இன்னொன்றில் போனையே செய்யப் போகிறவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

2010 வாக்கில் நோக்கியா போனுக்கு நிரல் எழுதுவது என்றால் இரண்டு வழி. விலை குறைந்த சீரிஸ் 40 போன்களுக்கு ஜாவா. ஸ்ரீபெரும்புதூரில் பெருமளவு தயாரானவை விலை குறைந்த போன்கள்தான். விலை கூடிய ஸ்மார்ட்போன்களுக்கு சிம்பியன். சிம்பியன் லண்டனின் சயான் கம்பெனி தன் கையடக்கக் கணினிக்கு எழுதிய எப்பாக் இயங்குதளத்தின் வாரிசு. 1998-இல் சயான், நோக்கியா, எரிக்ஸன் ஆகியவை சேர்ந்து அதைத் தனிக் கம்பெனியாக்கின. சில மெகாபைட் நினைவகத்தில், பேட்டரி தீராமல், மாதக்கணக்கில் ரீஸ்டார்ட் இல்லாமல் ஓடவேண்டும் என்று எழுதப்பட்டது. நிரல் நடுவில் நினைவகம் தீர்ந்துபோனால் எதையெல்லாம் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று முன்கூட்டியே ஒரு அடுக்கில் எழுதிவைக்க வேண்டும், அதற்குப் பெயர் கிளீனப் ஸ்டாக். சி++ மொழியின் வழக்கமான எழுத்துச்சரங்கள்கூட இங்கே கிடையாது. சிக்கனமான வீட்டில் வளர்ந்தவர்களின் ஒழுங்கு அது. ஒருகாலத்தில் அது கெட்டிக்காரத்தனம். போனின் நினைவகம் நூறு மடங்கு பெருகிய பிறகும் அந்த ஒழுங்கு அப்படியே நின்றது.

டூல்செயினும் அதே குடும்பம். விண்டோஸ் கணினி வேண்டும். பில்டு ஸ்கிரிப்டுகள் பெர்ல் மொழியில், அதுவும் குறிப்பிட்ட ஒரு பழைய ஆக்டிவ்பெர்ல் பதிப்பு வேண்டும். கணினியில் சோதித்துப்பார்க்கும் எமுலேட்டருக்கு ஒரு கம்பைலர், உண்மையான போனுக்கு இன்னொன்று. எமுலேட்டரில் ஓடியது போனில் ஓடும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, ஏனென்றால் முதலாவது இன்டெல் கட்டளை, இரண்டாவது ஆர்ம் கட்டளை. போனுக்கான கம்பைலரிலும் இரண்டு. காசு கொடுத்து வாங்கும் ஆர்ம் கம்பெனியின் ஆர்விசிடி, இலவசமான ஜிசிசி. மாணவர்களுக்கு இலவசம்தான் வழி. கட்டி முடித்ததைப் பொட்டலமாக்கி, கையெழுத்திட்டு, சான்றிதழோடு போனுக்குள் அனுப்பவேண்டும்.

அந்த இலவச ஜிசிசிக்கு ஒரு முழுப்பெயர் உண்டு. ஒவ்வொரு கிராஸ் கம்பைலருக்கும் அப்படி ஒன்று இருக்கும். முதலில் சிப், நடுவில் தயாரிப்பாளர், கடைசியில் இயங்குதளம். சிம்பியனுக்கு அது 'ஆர்ம்-நன்-சிம்பியன்எல்ஃப்'. தயாரிப்பாளர் வரவேண்டிய இடத்தில் 'நன்'. யாருமில்லை. கம்பைலருக்குச் சிப் எது, இயங்குதளம் எது என்பது தெரிந்தால் போதும், யார் செய்தார்கள் என்று தெரியவேண்டியதில்லை. தொழில்நுட்பப்படி முற்றிலும் சரி.

க்யூட்

நோக்கியாவுக்கும் இந்தச் சிக்கல் தெரிந்தது. நார்வேயின் ஓஸ்லோவில் 1994-இல் இரண்டு பேர் ஆரம்பித்த டிரோல்டெக் கம்பெனி, க்யூ-டி என்று எழுதி 'க்யூட்' என்று உச்சரிக்கப்படும் ஒரு நூலகம் செய்திருந்தது. ஒருமுறை எழுதினால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அந்தந்த ஊர் வாடையோடு ஓடும். லினக்ஸில் கேடிஇ பயன்படுத்தியவர்கள் தெரிந்தோ தெரியாமலோ அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார்கள். 2008-இல் நோக்கியா அந்தக் கம்பெனியை வாங்கியது. 2009-இல் உரிமத்தைத் தளர்த்தி எல்ஜிபிஎல்லின் கீழும் கொடுத்தது, அதே ஆண்டு டிசம்பரில் வந்த க்யூட் 4.6 சிம்பியனிலும் ஓடியது. 2010 ஜூனில் நோக்கியா க்யூட் எஸ்டிகே வந்தது. ஒரே இன்ஸ்டாலர். கணினிக்கான கம்பைலர், சிம்பியனுக்கான கம்பைலர், லினக்ஸ் அடிப்படையிலான மேமோவுக்கான கம்பைலர், போன் மாதிரி நடிக்கும் சிமுலேட்டர், எல்லாம் ஒரு பெட்டியில். லினக்ஸ் லேப்டாப்காரர்களுக்கு சிம்பியன் டூல்செயின் உள்ளூரில் ஓடாது, அதனால் நிரலை நோக்கியாவின் சர்வருக்கு அனுப்பி அங்கே கம்பைல் செய்து திருப்பித்தரும் ஏற்பாடுகூட இருந்தது.

நான் அதில் ஒரு சின்ன ஆப் எழுதினேன். 54-ஆம் நம்பர் பஸ் எங்கெங்கே நிற்கும் என்று காட்டும், அவ்வளவுதான். எழுதியதும் லேப்டாப்பில் ஒரு ஜன்னலாகத் திறந்தது. மேலே இருந்த பட்டியலில் டார்கெட்டை மாற்றி மறுபடி கட்டியதும் நண்பனின் 5800 போனில் திறந்தது. ஒரு வரிகூட மாற்றவில்லை. ப்ராஜெக்ட் ஃபைலில் மட்டும் சிம்பியனுக்கு என்று ஒரு சின்ன அடைப்பு, அதற்குள் நாலைந்து வரி. கிராஸ் பிளாட்ஃபார்ம் என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் படித்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எந்த இயந்திரத்துக்கும் கட்டுப்படாத ஒன்றை எழுதிவிட்டதாக ஒரு போதை வரும். அந்தப் போதையில்தான் இன்றைக்கும் ஃப்ளட்டரும் ரியாக்ட் நேட்டிவும் விற்கின்றன.

2011 பிப்ரவரி 11-ஆம் தேதி நோக்கியாவும் மைக்ரோசாஃப்டும் கூட்டு அறிவித்தன. இனி ஸ்மார்ட்போன் என்றால் விண்டோஸ் போன். விண்டோஸ் போனில் க்யூட்டுக்கு இடமில்லை. அறிவிப்பு வந்த அந்த ஒரு நாளில் பெட்டியிலிருந்த டார்கெட்டுகளுக்கு எதிர்காலம் இல்லாமல் போனது. விலை குறைந்த போன்களுக்காக க்யூட்டை அடிப்படையாகக் கொண்ட மெல்டெமி என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நோக்கியா உருவாக்கிவருவதாகப் பத்திரிகைகளில் அடிபட்டது. 2012-இல் அதுவும் கைவிடப்பட்டதாகச் செய்தி. அதே 2012-இல் க்யூட் ஃபின்லாந்தின் டிஜியாவுக்கு விற்கப்பட்டது.

எங்களுக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. இதுதான் முக்கியம். சிம்பியனுக்கான ஜிசிசியை விட்டு ஆண்ட்ராய்டுக்கான ஜிசிசிக்கு மாறினோம். ரெஸ்யூமேயில் ஒரு வரியை மாற்றினோம். ருமேனியாவைச் சேர்ந்த போக்டான் வாத்ரா என்ற நிரலாளர் 2011-லேயே க்யூட்டை ஆண்ட்ராய்டுக்குக் கொண்டுபோகும் நெசசிட்டாஸ் என்ற திட்டத்தை வெளியிட்டார். அந்த வேலை டிஜியாவின் வழியாக அதிகாரபூர்வமாகி, 2013 டிசம்பரில் வந்த க்யூட் 5.2 ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஓடியது. தன்னைத் தோற்கடித்த இரண்டு மேடைகளிலும் ஏறி நின்றுகொண்டது. மூலநிரல் கையில் இருந்தது, உரிமம் திறந்திருந்தது, டார்கெட்டை மாற்றினால் போதும்.

'சாஃப்ட்வேர் ஏத்துறது'

எங்கள் தெருவில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போகும் நாலு பெண்கள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவரிடம், "என்னக்கா வேலை?" என்று ஒருமுறை கேட்டபோது, "போனுக்கு சாஃப்ட்வேர் ஏத்துறது" என்றார். மணிக்கு இத்தனை போன் என்று டார்கெட். நான் டார்கெட் என்று சொன்னால் சிப். அவர் டார்கெட் என்று சொன்னால் மணிக்கு எத்தனை. ஒரே ஆங்கிலச் சொல் ஒரே நெடுஞ்சாலையில் இரண்டு வாழ்க்கையாகப் புழங்கியது.

ஏற்றுவது என்பது இதுதான். சர்க்யூட் போர்டில் உதிரிபாகங்களை ஒட்டி, அடுப்பில் சூடேற்றி, சோதித்து முடித்த போன் அதுவரை வெறும் உடம்பு. அதன் ஃப்ளாஷ் நினைவகத்தில் பைனரியை எழுதியதும்தான் அது போன். எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த நாட்டு மொழிகளோடு கூடிய பதிப்பு எழுதப்படும். கென் தாம்ப்ஸன் கையில் எடுத்துப்போன காகித நாடாவின் வேலையை ஸ்ரீபெரும்புதூரில் அந்தப் பெண்கள் செய்தார்கள். டூல்செயினின் கடைசிக் கண்ணி அவர்கள். எந்த வரைபடத்திலும் அந்தக் கண்ணி இருக்காது.

இப்போது வரி வழக்குக்குத் திரும்பலாம். மென்பொருள் என்பது என்ன என்று நம் சட்டம் பலகாலமாக யோசித்துக்கொண்டிருக்கிறது. 2004-இல் டாடா கன்சல்டன்சி வழக்கில் உச்ச நீதிமன்றம், கடையில் விற்கும் தயார் மென்பொருள் விற்பனை வரிக்கு உட்பட்ட சரக்குதான் என்றது. 2012-இல் நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் ஒரு விளக்கத்தைச் சேர்த்தது. கணினி மென்பொருளைப் பயன்படுத்தும் உரிமைக்குக் கொடுக்கும் பணமும் ராயல்டியே, அதுவும் முன்தேதியிட்டு. அதற்கடுத்த ஆண்டு நோக்கியாவுக்கு நோட்டீஸ். கம்பெனி தரப்பு, இது உரிமம் இல்லை, போனில் ஒரு பாகம், ஸ்பீக்கர் வாங்குவதைப்போல மென்பொருளும் வாங்குகிறோம் என்றது. வரித்துறை, இல்லை, காப்புரிமை ஃபின்லாந்திலேயே இருக்கிறது, நீங்கள் பிரதி எடுக்கும் உரிமைக்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்றது.

தொழில்நுட்பம் தெரிந்தவனாக யோசித்தால் இரண்டு தரப்பிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஃப்ளாஷ் செய்யும் இடத்தில் பைனரி ஒரு உதிரிபாகம்தான். அதை யாரும் படிப்பதில்லை, திருத்துவதில்லை, திருகாணியைப் போல மாட்டுகிறார்கள். ஆனால் எந்தத் திருகாணியையும் ஒருமுறை அனுப்பிக் கோடிப் பிரதி எடுக்க முடியாது. ஹோஸ்டில் அது எழுத்து, டார்கெட்டில் அது பொருள். நடுவில் எந்த நொடியில் மாறியது என்று கேட்டால் கம்பைல் ஆன நொடியில் என்றுதான் சொல்லமுடியும். அந்த நொடி நடந்தது ஃபின்லாந்தில்.

2013 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் போன் வியாபாரத்தையே வாங்குவதாக அறிவித்தது. வரி பாக்கி வழக்கில் ஸ்ரீபெரும்புதூர் சொத்துகள் முடக்கப்பட்டிருந்தன. இன்னொரு பக்கம் தமிழக அரசு, ஏற்றுமதி என்று சொன்ன போன்கள் உள்நாட்டிலேயே விற்கப்பட்டன என்று சுமார் 2,400 கோடி ரூபாய் விற்பனை வரி கேட்டது. ஆலையை மாற்றித்தர வேண்டுமானால் 3,500 கோடிக்கு உத்தரவாதம் கொடு என்ற நிபந்தனையை 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. 2014 ஏப்ரல் 25-ஆம் தேதி கைமாற்றம் முடிந்தபோது சென்னை ஆலை பட்டியலில் இல்லை. கொஞ்சகாலம் மைக்ரோசாஃப்டுக்கு ஒப்பந்த உற்பத்தி நடந்தது. விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஐயாயிரத்துக்கும் அதிகமானவர்கள் வெளியேறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள். இருபத்தைந்து வயதுக்காரருக்கு 'ஓய்வு' என்ற சொல்லை அகராதியில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஆலை மூடியதற்கு வரி மட்டும் காரணம் இல்லை. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் சந்தையைத் தின்றுகொண்டிருந்தன, மைக்ரோசாஃப்டுக்குச் சீரிஸ் 40 போன்களில் ஆர்வமும் இல்லை. வழக்கு இல்லாமல் இருந்திருந்தால் ஆலை கைமாறி, இன்னும் ஓரிரு வருடம் கழித்து வேறு விதமாக நின்றிருக்கலாம். ஆனால் மூன்று காரணங்களையும் ஒரு நூலில் கோக்கலாம். எந்த இயங்குதளம் என்று முடிவெடுத்த இடம், வாங்க விற்க முடிவெடுத்த இடம், மென்பொருள் கம்பைல் ஆன இடம் எல்லாம் ஹோஸ்ட் பக்கம். ஸ்ரீபெரும்புதூரில் இருந்தது டார்கெட் மட்டும். ஹோஸ்ட் தன் பட்டியலில் வேறு டார்கெட்டைத் தேர்ந்தெடுத்ததும் பழையதற்கு வேலை முடிந்தது.

2018-இல் இந்திய, ஃபின்லாந்து அரசுகள் பேசி முடித்து, நோக்கியா சுமார் 1,600 கோடி ரூபாய் கட்டியதோடு வருமான வரித் தகராறு தீர்ந்தது. 2021 மார்ச்சில் வேறொரு வழக்குத் தொகுதியில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட மென்பொருளுக்கு வெளிநாட்டு நிறுவனத்திடம் கொடுக்கும் விலை, இருநாட்டு வரி ஒப்பந்தங்களின்படி ராயல்டி ஆகாது என்று தீர்ப்பளித்தது. ஃபைல் கடைசியில் சரக்கு என்றே ஆனது. அதற்குள் பஸ்கள் நின்று ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மறுபடி கட்டுவது

அந்த ஆலைக்கட்டடம் காலியாக இல்லை. 2019-இல் சால்காம்ப் அதை எடுத்துக்கொண்டது. இப்போது அங்கே சார்ஜர்கள் தயாராகின்றன. ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் ஐபோன் அசெம்பிள் செய்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மறுபடி கம்பெனி பஸ்கள். 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஃபாக்ஸ்கான் ஊழியர்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்ட உணவால் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். சக ஊழியர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் பல சென்னைக்காரர்களுக்கே இத்தனை பெண்கள் இங்கே போன் செய்கிறார்கள் என்று தெரியவந்தது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பழைய பட்டறைகள் இருந்த இடங்களில் ஐடி பூங்காக்கள் எழுந்துவிட்டன. அங்கே ஐபோனுக்கு ஆப் எழுதும் ஒருவர், ஃப்ளட்டரில் எழுதினாலும் சரி, கடைசியில் அதைக் கட்ட ஆப்பிளின் மேக் கணினி வேண்டும். அந்த டூல்செயின் வேறு ஹோஸ்டில் ஓடாது. ஒரு மணி நேரத் தொலைவில் அதே போன் அசெம்பிள் ஆகிறது, அதன் பைனரி கலிஃபோர்னியாவிலிருந்து வருகிறது. கருவிகள் எல்லாம் மாறிவிட்டன, யார் எந்த முனையில் என்பது மட்டும் மாறவில்லை.

எதிர்த்திசையில் ஒரு முயற்சியும் நடக்கிறது. சென்னை ஐஐடியில் உருவான சக்தி ப்ராசஸர், ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுதியில் அமைந்தது. யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை. அதற்கான கம்பைலர் திறந்த ஜிசிசிதான், மூலநிரல் பொதுவில் இருக்கிறது. லினக்ஸை ஏற்றி ஓடிக்காட்டிய முதல் சக்தி சிப் 2018-இல் அமெரிக்காவின் ஆரிகனில் இன்டெல் ஆலையில் அச்சானது. ஒருமுறையாவது ஹோஸ்ட் இங்கே, டார்கெட் அங்கே. அடுத்த சிப் சண்டிகரில் அச்சானது. வணிகத்தில் இது ஐபோனுக்குப் பக்கத்தில்கூட நிற்காது. ஆனால் வரைபடத்தைப் படிக்கக் கற்றுக்கொண்ட ஆவடி, அம்பத்தூர் வழியில் இதுவும் ஒரு அடி.

சிம்பியனின் மூலநிரலும் 2010 பிப்ரவரியில் திறந்து விடப்பட்டது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றார்கள். ஒரு வருடம் சொச்சத்தில் மறுபடி மூடிவிட்டார்கள். அந்த இடைவெளியில் ஸ்ரீபெரும்புதூர் வரிசையில் நின்ற யாராவது, தான் ஏற்றுவது என்ன என்று திறந்து பார்க்க முடிந்திருக்குமா? கணினி வேண்டும், நேரம் வேண்டும், ஷிஃப்ட் முடிந்து வந்தபின் உடம்பில் தெம்பு வேண்டும். சொல்லித்தர ஒரு ஆள் வேண்டும், அந்த ஆட்கள் பக்கத்து பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தோம்.

புதிய ஆலைக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகும்போதெல்லாம் எத்தனை கோடி, எத்தனை ஏக்கர், எத்தனை பேருக்கு வேலை என்ற மூன்று எண்கள் செய்தியில் வருகின்றன. நான்காவதாக ஒன்றைக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். இங்கே செய்யும் பொருளுக்குள் ஏறுவது எங்கே கம்பைல் ஆகிறது, அதில் ஒரு பகுதியையாவது இங்கே கட்டுவார்களா? பதில் 'இல்லை' என்று வந்தாலும் பரவாயில்லை. அங்கே வேலைக்குச் சேரும் பெண்ணுக்கு, இந்த வேலை எத்தனை வருடத்துக்கு என்று கணக்குப் போட அந்த ஒரு தகவல் உதவும்.